மண்ணுக்கு உயிர் எது?

(இளம்பிள்ளையில் பேசியதன் சாரம்)



இவ்வூர் நெசவுக்குப் பேர்போன ஊர். ஆனாலும் சுற்றுப்புறத்தில் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடும் தோழர்கள் அநேகர் இங்கு வந்திருப்பதால், உங்கள் காலடியிலுள்ள மண்ணைப் பற்றியே இன்று பேசலாமென்று நினைக்கின்றோம்.

விளைந்தால் பூமாதேவியின் கிருபை என்கின்றோம். விளையாவிட்டால் தலைவிதி என்கின்றோம். கிடா வெட்டிக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து, பக்கத்துக் காட்டுக்காரன் போட்டானென்று நாமும் மூட்டை மூட்டையாய் யூரியாவைக் கொட்டுகின்றோம். இந்த இரண்டு காரியத்திலும் "ஏன்?" என்று கேட்பதே இல்லை.

நாம் சொல்லுவதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பூவெடுத்த கடலைச் செடி ஒன்றை வேர் அறாமல் தோண்டியெடுத்துப் பாருங்கள். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே சிவந்திருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சிவப்பு நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவானது.

என்ன வேலை என்றால், காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள்ளிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அதைத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கிறது. செடி அதற்குக் கூலியாகச் சர்க்கரை கொடுக்கிறது. இதை 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் எடுத்துக் காட்டினார். 1888இல் ஹாலந்து தேசத்து பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். பயறு போட்ட காடு மறு வெள்ளாமைக்குத் தேறும் என்பது நம் பாட்டன்மாருக்கும் தெரியும், காரணந்தான் தெரியாது.

மரவள்ளிக்கும் இப்படி ஒரு துணையுண்டு. அதன் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சணம், வேருக்கு எட்டாத இடத்திலுள்ள மணிச்சத்தை இழுத்துக் கொடுக்கிறது. இவை போக, சருகையும் சாணியையும் செத்த பிராணியையும் மக்கச் செய்து மறுபடியும் பயிருக்கு உணவாக்கும் நுண்ணுயிர்கள் ஒரு பிடி மண்ணில் கோடி கோடியாய் இருக்கின்றன. அவை வேலையை நிறுத்தினால் உலகம் பிணக்காடாகிவிடும். அப்படியிருக்க, குப்பையும் சாணியும் அள்ளி நிலத்துக்கு உயிர் கொடுப்பவனைத் தாழ்ந்த ஜாதி என்றும், அதில் விளைந்ததை உட்கார்ந்து தின்பவனை உயர்ந்த ஜாதி என்றும் சொல்லுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

நாம் யூரியாவுக்கு விரோதிகளல்ல. 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருப்பது வாஸ்தவமே. ஆனால் அளவுக்கு மேல் கொட்டினால், கடலைச் செடி நுண்ணுயிருக்குக் கூலி கொடுப்பதைக் குறைத்துவிடுகிறது, முடிச்சும் குறைகிறது. காசு கொடுத்து நம் வேலையாளை நாமே துரத்துவதல்லாமல் இது வேறென்ன? அதற்காகச் சாணியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அது நுண்ணுயிர்களுக்கு ஆகாரம், அதனால்தான் நல்லது.

நெசவுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சாயக் கழிவிலுள்ள உப்பு மண்ணில் ஏறினால் வேரும் வாழாது, நுண்ணுயிரும் வாழாது. நொய்யல் கரை விவசாயிகள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. அந்த நிலைமை நமக்கு வரவேண்டாம்.

ஆகையால் தோழர்களே! சருகைக் கொளுத்தாமல் மக்க வையுங்கள். கொழிஞ்சியோ சணப்போ விதைத்து மடக்கி உழுங்கள். ரைசோபியம் பொட்டலத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். அதையும் பாதிக் காட்டில் மட்டும் செய்து, மறுபாதியை வழக்கம்போல் விட்டு, இரண்டு விளைச்சலையும் நிறுத்துப் பாருங்கள். தராசு சொல்லுவதை நம்புங்கள். நாம் சொன்னோமென்று நம்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.