கலத்தில் ஏற்றிய கவிதைகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய மூவரும் இந்தப் பத்தாண்டுகளில் நம்மவர் எழுதிய கவிதைகளைப் பற்றிப் பேசினார்கள். அக்கவிதைகள் குடியிருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கவிஞர்கள் கூடிய அவையில் கணினிக் கதையா என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பொறுத்தருள வேண்டும். எனக்கு இங்கே தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது.

2021 மார்ச்சு மாதத்தில் நம் இணைய ஆவணகத்திலிருந்து 23 கவிஞர்களின் குரற்பதிவுகள் மறைந்து போயின. அந்த ஆண்டின் கூட்டக் குறிப்பேட்டில் இது ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒரே வரியில் பதிவாகியிருக்கிறது. அன்று அவ்வரியை எழுதிக் கொடுத்தவனும் நானே. இயந்திரம் அன்று சொன்னதைச் செய்தது. சொன்னவன்தான் தவறினான். அந்த வரியைத் திருத்தும் வாய்ப்பாக இந்த மேடையை எடுத்துக் கொள்கிறேன். அதற்குச் சிறிது பின்னணி சொல்லியாக வேண்டும்.

நம் ஆவணகம் ஒரு வலைச் செயலி. கவிதைகளைப் பெற்று அடுக்கி வைத்து, கேட்பவருக்கு எடுத்துத் தரும் நிரல் அது. பைத்தான் மொழியில் எழுதியது. கவிதைகளின் வாசகம் போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் இருக்கிறது. வாயிற்காப்போனாக என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு மென்பொருள் நிற்கிறது. இவற்றையெல்லாம் என் மடிக்கணினியில் இயங்கச் செய்தல் எளிது. இரவு பகல் ஓயாமல் இயங்கும் வாடகை வழங்கியில் ஏற்றுவதுதான் கடினம். என் கணினியில் பைத்தானின் ஒரு பதிப்பு, அங்கே வேறொரு பதிப்பு. இங்கே இருக்கும் துணை நிரல் அங்கே இராது. ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்பது நிரலாளர்கள் நாள்தோறும் பாடும் ஒப்பாரி.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு காண முயன்றவர்கள் உவமையைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொண்டார்கள். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல், 58 உலோகப் பெட்டிகளைச் சுமந்து அமெரிக்காவின் நியூவர்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. போர்க்காலத்து எண்ணெய்க் கப்பல் ஒன்றை மாற்றியமைத்து, அந்தப் பயணத்தை நடத்தியவர் மால்கம் மெக்லீன் என்ற சரக்குந்து உரிமையாளர். அதற்கு முன் மூட்டையும் பீப்பாயும் மரப்பெட்டியும் ஒவ்வொன்றாகத் தோளில் ஏறி இறங்கின. பெட்டிகளின் அளவு ஒன்றாகிவிட்ட பிறகு, உள்ளே இருப்பது தேயிலையா தையல் இயந்திரமா என்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டிய தேவையில்லாமல் போயிற்று. இதனால் உலகெங்கும் துறைமுகத் தொழிலாளர் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். அதுவே தனியொரு காவியத்துக்குரிய பொருள். மென்பொருளைப் பெட்டியிலிட்டு அனுப்பும் கருவி ஒன்று 2013இல் வெளிவந்தபோது அதற்கு இட்ட பெயர் ‘டாக்கர்’. துறைமுகத் தொழிலாளி என்பதே அச்சொல்லின் பொருள். வேலையைப் பறித்த பெட்டியின் வழிவந்த கருவிக்கு வேலையிழந்தவனின் பெயர்! இதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

கருத்து 2013இல் முளைத்ததன்று. ஒரு நிரலின் கண்ணுக்குக் கோப்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் முழு உலகமாகக் காட்டும் வசதி 1979இலேயே யுனிக்ஸில் வந்துவிட்டது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அதைச் சிறையாக வளர்த்தது. அவர்கள் வைத்த பெயரே ‘ஜெயில்’தான். 2008இல் லினக்ஸின் கருவிலேயே அளவுக் கட்டுப்பாடு சேர்ந்தது. டாக்கர் செய்த உபகாரம், நிபுணர் கையில் இருந்த இவ்வித்தையை என் போன்றவனும் கையாளும்படி எளிதாக்கியது.

நிரலாளர்களின் பெட்டிக்கு நம் மொழியில் கொள்கலன் என்று பெயர். கொள்கலன் எப்படி இயங்குகிறது என்று கேட்டால் நான் சொல்லும் உவமை ஒண்டுக்குடித்தனம். பெரிய வீடு ஒன்று. அதில் நான்கு குடும்பங்கள். கிணறும் முற்றமும் பொது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் கதவைச் சாத்திக் கொண்டால் அடுத்த குடித்தனத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. யார் எத்தனை குடம் இறைக்கலாம் என்பதற்கு வீட்டுக்காரரின் கணக்கு உண்டு. பொதுக் கிணறு என்பது லினக்ஸின் கரு. கதவு என்பது ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிப் பார்வையைத் தரும் ஏற்பாடு. குடக்கணக்கு என்பது நினைவகத்துக்கும் செயலிக்கும் வைத்த வரம்பு. தனித்தனியே வீடு கட்டிக் கொடுப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. நம் வட்டத்தின் சிறிய வழங்கியில் மூன்று குடித்தனங்கள் இருக்கின்றன: செயலி, தரவுத்தளம், வாயிற்காப்போன்.

இந்தக் குடித்தனங்களை வார்த்தெடுக்கும் அச்சுக்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட பெயர் ‘படிமம்’. இச்சொல்லை உச்சரித்ததும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்! நீங்கள் எண்ணும் படிமம் வேறு. ஆயினும் உறவு சிறிது இருக்கிறது. செயலிக்கு என்னென்ன வேண்டும் என்று வரிவரியாக ஒரு செய்முறைத் தாள் எழுதுகிறோம். இந்த அடிப்படையிலிருந்து தொடங்கு, இன்ன துணை நிரல்களைச் சேர், என் நிரலைப் படியெடு, இப்படி இயக்கு என்று. ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடுக்காகப் படிகிறது. அடுக்குகள் சேர்ந்தது படிமம். ஒருமுறை ஆனபின் அது மாறாது. அதைப் படிமக் கிடங்கு ஒன்றில் ஏற்றி, வழங்கியில் இறக்கி, உயிர் கொடுத்தால் கொள்கலன். ஒரே படிமத்திலிருந்து பத்துக் கொள்கலன்களையும் எழுப்பலாம்.

எழுதியதை மட்டுமே படிமம் எடுத்துச் செல்லும். இதைத் தமிழால்தான் நான் கற்றேன். ஆவணகத்திலிருந்து தொகுப்பு நூல்களை அச்சுக் கோப்பாக எடுக்கும் வசதி செய்திருந்தேன். முதல் நாள் வழங்கியிலிருந்து எடுத்த தொகுப்பில் எழுத்துக்கு எழுத்து வெற்றுச் சதுரங்கள். நாற்பது பக்கமும் சதுரங்கள்! என் மடிக்கணினியில் தமிழ் எழுத்துருக்கள் எப்போதும் இருந்ததால் அவை வேண்டும் என்று செய்முறைத் தாளில் எழுத எனக்குத் தோன்றவேயில்லை. நான் எடுத்துக் கொண்ட மெலிந்த அடிப்படைப் படிமத்தில் எந்த எழுத்துருவும் இல்லை. ஒரு வரி சேர்த்ததும் தமிழ் வந்தது.

அடுத்தது அகர வரிசை. தலைப்புப் பட்டியலில் ‘கயல்’, ‘கவி’ இரண்டுக்கும் முன்னால் ‘கனவு’ வந்து நின்றது. ‘அம்மா’வுக்கு முன்னால் ‘அமுதம்’. நம் இலக்கண ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “யாருடைய நெடுங்கணக்கு இது, தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுத்த இஸ்கி குறியீட்டு வரிசையைத் தழுவியது. அதில் இந்திய எழுத்துகள் தேவநாகரிக்கு இணையாக அடுக்கப்பட்டன. ஆகவே னகரம் நகரத்தின் பக்கத்திலும் றகரம் ரகரத்தின் பக்கத்திலும் போய் உட்கார்ந்தன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். தமிழின் வரிசை விதிகளைத் தனியே ஏற்றாவிட்டால் கணினி வெறும் குறியீட்டு எண்ணைப் பார்த்தே அடுக்கும். என் மடிக்கணினியில் அவ்விதிகள் இருந்தன. கொள்கலனில் இல்லை.

கடிகாரம் மூன்றாவது. ‘இன்றைய கவிதை’ நள்ளிரவில் மாற வேண்டும் என்று அமைத்தேன். அது விடியற்காலை 5.30க்கு மாறியது. கொள்கலன் உலகப் பொது நேரத்தில் இயங்க, நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். திருத்த முனைந்தபோது, விடியலில் புதுக்கவிதை வருவதே அழகு, கைவைக்காதே என்று நம் செயலாளர் தடுத்துவிட்டார். இன்றும் அப்படியே இருக்கிறது.

இனி, சொல்ல வந்த செய்தி.

2020இல் ஊரடங்கால் நாம் கூட முடியாத மாதங்களில், உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே தம் கவிதைகளை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினார்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்ட பதிவுகள் உண்டு. பேரக்குழந்தை இடையில் புகுந்து கேள்வி கேட்ட பதிவும் ஒன்று உண்டு. அவ்வாண்டு அக்டோபரில் ஆவணகத்தில் குரற்பகுதியைத் தொடங்கினேன். கவிதைகளின் வாசகம் இருந்த தரவுத்தளத்துக்குக் கொள்கலனுக்கு வெளியே, வழங்கியின் வட்டில் நிலையான இடம் ஒதுக்கியிருந்தேன். நிரலாளர் அதை ‘வால்யூம்’ என்பர். நான் களஞ்சியம் என்கிறேன். ஒலிக்கோப்புகளுக்கு அப்படிக் களஞ்சியம் ஒதுக்க மறந்தேன். அவை செயலிக் கொள்கலனின் உள்ளேயே படிந்து வந்தன.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. இடையில் வழங்கி இருமுறை நின்று எழுந்தது. குரல்கள் இருந்தன. அதுவே என்னை ஏமாற்றியது. கொள்கலன் நின்று மீண்டும் எழுந்தால் உள்ளிருப்பது அழியாது. புதிய படிமத்தை இறக்கும்போது நடப்பது வேறு. பழைய கொள்கலனை அகற்றி அதே இடத்தில் புதியது ஒன்று பிறக்கும். பழையதனுள் எழுதப்பட்டவை அதனோடு போய்விடும். குடித்தனத்தைக் காலி செய்து வெள்ளையடித்து அடுத்தவருக்கு விடுவது போல. கொள்கலன் என்பதே அப்படிக் கழித்துவிடும் பொருளாகத்தான் வகுக்கப்பட்டது. மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திய புதுப் படிமத்தை ஏற்றினேன். ஒரேயொரு ஒற்றுப் பிழை. எல்லாம் பச்சை விளக்காக வந்தது. மகிழ்ந்து உறங்கப் போனேன்.

மூன்று நாட்களுக்குப் பின் உறுப்பினர் ஒருவர், தம் கவிதையைப் பெண்ணுக்குப் போட்டுக் காட்ட முயன்றதாகவும் ஒலி வரவில்லை என்றும் சொன்னார். திறந்து பார்த்தேன். கவிதைகள் எல்லாம் இருந்தன. அவற்றின் கீழே இருந்த 23 பொத்தான்களில் ஒன்றிலும் குரல் இல்லை. அந்த இரவு முழுதும் தேடினேன். அகற்றப்பட்டதை மீட்க எனக்குத் தெரிந்த வழி எதுவும் பயன்படவில்லை.

‘தளத்தில் ஏறிவிட்டதே’ என்ற நம்பிக்கையில் பலர் கைப்பேசியிலிருந்து அழித்திருந்தார்கள். 14 பதிவுகள் உறவினர்களுக்கு அனுப்பிய செய்திகளிலிருந்து கிடைத்தன. எட்டுப் பேர் சினமின்றி மறுபடி வாசித்தார்கள். இரண்டாம் வாசிப்பு முன்னதைவிடச் சிறந்தது என்று என்னைத் தேற்றியவரும் உண்டு. எஞ்சிய ஒருவர், வட்டத்தின் முதல் கூட்டத்திலிருந்து ஒரு கூட்டமும் தவறாதவர், உடல் தேறியதும் வாசித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவ்வாண்டு மே மாதம் காலமானார். அவருடைய கவிதைகள் ஏழும் ஆவணகத்தில் இருக்கின்றன. ழகரத்தை அவர் உச்சரிக்கும் விதம் இங்கிருப்போர் செவியில் மட்டுமே இருக்கிறது.

பிறகு செய்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். ஒலிக்கோப்புகளுக்கும் கையெழுத்துப் படங்களுக்கும் களஞ்சியம் ஒதுக்கினேன். ஒவ்வோர் இரவும் 2 மணிக்குத் தரவுத்தளமும் களஞ்சியமும் படியெடுக்கப்பட்டு வேறு ஊரில் உள்ள வேறொரு வட்டுக்குச் செல்கின்றன. படி இருப்பதோடு நில்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படியிலிருந்து ஆவணகத்தை வெற்று வழங்கியில் புதிதாக எழுப்பிப் பார்க்கிறோம். முதல் ஒத்திகையில் அது எழவில்லை. கடவுச்சொல்லைப் படியெடுக்க மறந்திருந்தேன். ஒத்திகை பார்த்திராவிட்டால் அது தெரிந்திராது.

இதைவிடப் பெரிய ஏற்பாடுகளும் உலகில் உண்டு. ஆயிரக்கணக்கான கொள்கலன்களை மேய்க்கும் குபெர்நெட்டிஸ் என்ற மென்பொருள் 2014இல் வந்தது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன், நம் பழஞ்சொல்லில் மீகாமன். இளைஞர்கள் சிலர் அதையும் கொண்டுவரலாம் என்கிறார்கள். மூன்று கலன்களுக்கு மீகாமன் மிகை என்பது என் கருத்து. நமக்குத் தேவை வேறு. வழங்கியின் திறவுகோல் இன்றுவரை என் ஒருவனிடமே இருக்கிறது. நாளை நான் இல்லாவிட்டால் ஆவணகமும் பூட்டிய வீடுதான். ஆகவே செயற்குழு மூவரை நியமிக்க வேண்டும், அவர்களுள் ஒருவரேனும் முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்று விண்ணப்பிக்கிறேன். செய்முறைத் தாள்களைத் தமிழில் விளக்கமெழுதி இம்மலரோடு தனிப் படியாகச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

குறிப்பேட்டில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பதை நீக்கி, ‘பொறுப்பாளரின் கவனக்குறைவு’ என்று எழுத இசைவு தருமாறு தலைவரைக் கேட்டுக் கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2015 முதல் 2020 வரை நம் கூட்டங்களில் எடுத்த காணொளிகள் பலருடைய பழைய கைப்பேசிகளில் இருக்கக்கூடும். வேறு யாரோ பேசும்போது எடுத்ததாக இருக்கலாம். மூலையில், இரண்டாம் வரிசையில், அவர் எழுந்து நான்கு வரி சொன்னதும் அதில் விழுந்திருக்கலாம். தேநீர் இடைவேளையில் வாயிலருகே உள்ள மேசையில் மடிக்கணினியோடு அமர்ந்திருப்பேன். அருள்கூர்ந்து கொண்டு வாருங்கள்.