குறுக்கீடும் மீட்சியும்

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

என் தொழிலைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்லுமாறு கழகத்தார் பணித்தனர். கணிப்பொறியின் உள்ளே நிகழும் ஒருவகைப் பிழையைப் பற்றியும், அதைக் களையும் முறையைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன்.

கணிப்பொறியின் எல்லாச் செயல்களையும் மேற்பார்க்கும் அடிப்படை நிரலைக் கெர்னல் என்பர். நாம் எழுதும் நிரல்கள் அதன் ஆளுகையில்தான் இயங்குகின்றன. ஒரு நிரல் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் விசைப்பலகையைத் தட்டலாம். வலையிலிருந்து செய்தி வரலாம். கடிகாரம் தன் துடிப்பை அறிவிக்கலாம். இவ்வாறு வரும் அழைப்பிற்குக் குறுக்கீடு என்று பெயர். அழைப்பு வந்ததும் ஓடிய வேலை நிற்கும். கெர்னல் அழைத்த கருவியைக் கவனிக்கும். பின்னர், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

விட்ட இடத்தை எவ்வாறு அறிவது? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' நுண்செயலியை எடுத்துக்கொள்வோம். ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பில் வடிவமைக்கப்பட்ட அச்செயலி, 2018ஆம் ஆண்டில் சில்லாக உருப்பெற்று, லினக்ஸ் இயக்க அமைப்பையும் இயக்கிக் காட்டியது. இக்கட்டமைப்பில் முழு எண்களுக்கு 32 பதிவகங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று எப்போதும் சுழியமே. நிரல் நின்ற இடத்தின் முகவரியைச் செயலியே குறித்துக்கொள்ளும். எஞ்சிய 31 பதிவகங்களில் உள்ளவற்றை நினைவகத்தில் எழுதிவைத்து, திரும்பும்போது பழுதின்றி மீட்டளிப்பது கெர்னலின் கடமை. தசம எண்களுக்கெனத் தனியே 32 பதிவகங்கள் உண்டு. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் அவற்றையும் காப்பது காலத்தை விழுங்கும்; ஆகவே, குறுக்கீட்டைக் கவனிக்கும் பகுதி தசமக் கணக்கைத் தொடலாகாது என்பது பொதுவான விதி.

இவ்விதி மீறப்பட்டதன் விளைவை நானே கண்டிருக்கிறேன். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், அளவைக் கருவி ஒன்று சில நாட்களுக்கு ஒருமுறை தவறான விடை தந்தது. கணக்கிடும் நிரலை எழுதியவர், புதிதாக வேலையில் சேர்ந்த இளைஞர். பிழை அவருடைய நிரலில் தோன்றியதால் பழியும் அவர்மீதே விழுந்தது. அவர் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். குற்றம் ஏதும் காணவில்லை.

பிறகு ஒரு சோதனை செய்தோம். பதிவகங்களில் தெரிந்த எண்களை நிரப்பி, அவை மாறுகின்றனவா என்று ஓயாமல் பார்க்கும் சிறு நிரலை எழுதினோம். குறுக்கீடுகள் வரும் வேகத்தைப் பன்மடங்கு கூட்டினோம். நாட்கணக்கில் காத்திருந்து கண்ட பிழை நிமிடக்கணக்கில் வந்து நின்றது. குறுக்கீட்டுப் பகுதியில் எவரோ எழுதிய ஒரேயொரு தசமப் பெருக்கல், இளைஞரின் எண்ணை அழித்துக்கொண்டிருந்தது. அதனை முழு எண் கணக்காக மாற்றினோம், பிழை ஒழிந்தது, பழியும் நீங்கியது.

இடையில் நிறுத்தப்பட்டவன் தடுமாறினால், அவனை மட்டும் சோதிப்பது போதாது. நிறுத்தியவர் அவனுக்குரியதைத் திருப்பித் தந்தாரா என்றும் சோதிக்க வேண்டும். இது கணிப்பொறிக்கு மட்டும் உரிய பாடமா? வறுமையால் படிப்பு இடையில் நின்று, மீண்டும் பள்ளிக்கு வந்து தடுமாறும் பிள்ளைகளை அறிந்த நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வேறு பிழைகளும் உள. பொதுவான ஒரு தகவலை மாற்றுமுன் கெர்னல் அதனைப் பூட்டுகிறது என்று வையுங்கள். பூட்டைத் திறக்குமுன் குறுக்கீடு வந்து, அதைக் கவனிக்கும் பகுதியும் அதே பூட்டைக் கேட்டால் என்ன ஆகும்? அது பூட்டுத் திறக்கக் காத்திருக்கும், திறக்க வேண்டியதோ அது முடியக் காத்திருக்கும், கணிப்பொறி உறைந்துவிடும். ஆகவே, பூட்டுமுன் அச்செயலியில் குறுக்கீட்டைத் தடுத்துவைத்து, திறந்தபின் பழைய நிலைக்கே விட வேண்டும். 2006ஆம் ஆண்டில் இங்கோ மோல்னார் லினக்ஸில் சேர்த்த 'லாக்டெப்' என்னும் கண்காணிப்பு, இத்தகைய பூட்டுத் தவறுகளை உறைவு நேருமுன்பே சுட்டிக்காட்டும்.

அழைத்த கருவிக்கு 'கேட்டோம்' என்று மறுமொழி சொல்ல மறந்தால், அது அழைத்துக்கொண்டே இருக்கும். 1,00,000 அழைப்புகளில் 99,900க்கு மேல் எவரும் பொறுப்பேற்காவிடில், 'ஒருவரும் கவனிக்கவில்லை' என்று பதிந்துவிட்டு லினக்ஸ் அவ்வழியையே மூடிவிடும். அப்போது பழுதான கருவியோடு, அவ்வழியைப் பகிரும் நல்ல கருவிகளும் முடங்கிப்போகலாம்.

இளைஞர்களே! இக்கல்வி எட்டாக் கனியன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களுக்காக எழுதிய 'எக்ஸ்வி6' என்னும் சிறு கெர்னல், பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவானது. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் இயங்குவது. அதன் விளக்கநூலும் விலையின்றிக் கிடைக்கிறது. தனிச் செயலி வாங்கவும் வேண்டியதில்லை. 'கெமு' என்னும் மென்பொருள் சாதாரணக் கணிப்பொறியிலேயே அதனை இயக்கிக் காட்டும். பதிவகம் ஒன்றைக் காக்கும் வரியை வேண்டுமென்றே நீக்கிப் பாருங்கள். எந்த நிரல் எங்கே விழுகிறது என்று குறித்துவையுங்கள். பிறகு அவ்வரியைத் திரும்பச் சேருங்கள். பிழையை ஆக்கிப் பார்த்தவனே பிழையைக் கண்டறிவான்.

கழகத்தில் நான்கு பேர் சேர்ந்து, வாரம் ஓர் அத்தியாயமாகப் படியுங்கள். இடையில் நிற்க நேர்ந்தால், நின்ற பக்கத்தைக் குறித்துவைத்து மீண்டும் தொடருங்கள்.