சுவருக்குள் கேட்கும் சத்தம்

மோட்டாரை நிறுத்தியதும் சுவருக்குள் ‘டம்’மென்று ஒரு சத்தம். சூலக்கரையில் மாடித் தொட்டி வைத்திருக்கும் பல வீடுகளில் இது பழகிப்போன சத்தம். பழகியதாலேயே விட்டுவிடுகிறோம்; அதுதான் எனக்குக் கவலை.

மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர், மோட்டார் நின்றதும் கீழே திரும்புகிறது. தண்ணீரைத் திரும்பவிடாத செக் வால்வு படாரென்று மூட, திரும்பி வந்த தண்ணீர் அதில் முட்டுகிறது. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் 1897-98இல் இதைச் சோதித்து, கணக்கு எழுதினார் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் இரும்புக் குழாயில் சட்டென்று நின்றால், ஏறத்தாழ 120 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் அந்தக் கணத்தில் கூடும்! பிவிசி குழாயில் குறைவுதான். ஆனால் தினமும் அடி வாங்கினால் எல்போ இணைப்பில் கசிவு தொடங்கிவிடும். சுவரில் ஈரம் பூத்த பிறகுதான் நமக்கே தெரியும்.

பிளம்பரிடம் ஸ்பிரிங் வைத்த செக் வால்வு கேளுங்கள். தண்ணீர் திரும்பும் முன்பே அது மூடிக்கொள்ளும். ஆடும் குழாய்க்குக் கிளாம்ப் போடுங்கள்.

நம்ம ஊர் வெயிலில் மொட்டைமாடிக் குழாய் ‘டக் டக்’கென்பது வேறு கதை. 10 மீட்டர் பிவிசி குழாய், 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், 1 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் மாடியில் கிளாம்பை இறுக்காமல், குழாய் நகரச் சற்று இடம்விட்டு மாட்டச் சொல்லுங்கள்.