திராட்சை ரசமும் தேறலும்



புதிய திராட்சரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றினால் பை கிழிந்துபோகும் என்றோர் உவமை விவிலியத்தில் வருகிறது. அதைத் தமிழில் படிக்கும் மாணவர், "பழச்சாற்றை ஊற்றினால் பை ஏன் கிழிய வேண்டும்?" என்று வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்? பை பழையது, ஆகவே கிழிந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது பாதி விடையே. மறுபாதியை 'ரசம்' என்னும் சொல் மறைத்து நிற்கிறது.

பையைக் கிழிப்பது சாறு அன்று. சாற்றில் நிகழும் நொதித்தல். மதுவுக்கென வளர்க்கப்படும் திராட்சை நன்கு கனிந்தால் அதன் சாற்றில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை சர்க்கரை இருக்கும். பழத்தை நசுக்கி வைத்தால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை மதுசாரமாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. பொங்கி எழும் வளிக்குப் புதிய தோல் நெகிழ்ந்து கொடுக்கும். விறைத்த பழந்தோல் கிழியும். ஆகவே உவமையிலுள்ள பொருள் சாறும் அன்று, முற்றிய மதுவும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட, இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும் ஒன்று.

இனிப்புள்ள பழங்கள் பல இருக்க, திராட்சைக்கு மட்டும் இத்துணை ஏற்றம் ஏன்? இனிப்போடு புளிப்பும் அதில் அளவாக அமைந்திருப்பது ஒரு காரணம். அப்புளிப்பில் பெரும்பங்கு டார்ட்டாரிக் அமிலத்தினது. மது எளிதில் கெடாதிருக்க அது துணைசெய்கிறது. நம் வீட்டுப் புளியில் இருப்பதும் இதே அமிலம்தான். அவ்வகையில் சமையலறை ரசமும் திராட்சை ரசமும் உறவினரே! ஜார்ஜியா நாட்டில் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையுடைய மட்கலங்களில் திராட்சை மது இருந்ததை ஆய்வாளர் கண்டறிய உதவியதும் இவ்வமிலத்தின் எச்சமே.

நிறமோ தோலின் கொடை. கருந்திராட்சையிலும் பெரும்பாலான வகைகளின் சதை நிறமற்றதே. தோலோடு நொதிக்கவிட்டால் செம்மது. உடனே பிழிந்து தோலை நீக்கினால் அதே பழத்திலிருந்து வெளிர்நிற மது. பிரான்சின் ஷாம்பெய்ன் மதுவில் பெரும்பகுதி கருந்திராட்சையிலிருந்து வருவது மாணவர்க்கு வியப்பளிக்கும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'திராட்சை' வடமொழி 'த்ராக்ஷா'வின் தமிழ் வடிவம். 'முந்திரிகை' என்பதும் இப்பழத்தின் பெயரே. மலையாளத்தில் இன்றும் 'முந்திரி' என்றால் திராட்சை. ஈழத் தமிழரிடமும் அப்பொருள் உண்டு. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்தின் கொட்டைக்குத் தமிழகத்தில் அப்பெயர் போய்விட்டது. ஆகவே பழத்தைக் 'கொடிமுந்திரி' என வேறுபடுத்த நேர்ந்தது. மலாய் மொழியின் 'அங்கூர்' பாரசீகத்திலிருந்து வந்தது. பழத்தையும் அதன் மதுவையும் அவ்வொரு சொல்லே குறிப்பதுண்டு. இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

மதுவுக்கு நம்மிடம் சொல் இல்லையா? புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் பாடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பாட்டும் மண்ணும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

'தேறல்' என்பதன் வேர் 'தேறு'. தெளிதல் என்பது பொருள். தேர்வில் தேறுவதும், நோயிலிருந்து தேறுவதும் இதே வேரின் கிளைகள். கள்ளுக்கும் தேனுக்கும் இச்சொல் வழங்கியது உண்மையே. ஆயினும் நொதித்துப் பொங்கி, பின் அடங்கித் தெளிந்த நீர்மத்துக்கு இதனினும் பொருத்தமான பெயரை நாம் புதிதாகப் படைக்க இயலாது. அன்றாடப் பேச்சில் 'ஒயின்' இருக்கட்டும். அதனோடு நமக்கு வழக்கில்லை. பாடநூலிலும் மொழிபெயர்ப்பிலும் நொதிக்காததைத் 'திராட்சைச் சாறு' என்றும், நொதித்துத் தெளிந்ததைத் 'திராட்சைத் தேறல்' என்றும் பிரித்து எழுதலாம். விவிலியத்தின் 'திராட்சரசம்' தலைமுறைகள் கடந்து வேரூன்றிய சொல்; அதைத் திருத்தப் புக வேண்டா. பொங்கும் நிலை என ஓர் அடிக்குறிப்பு இட்டால் போதும். நொதித்தல் முடிந்தபின் ஈஸ்டும் பிறவும் கலத்தின் அடியில் படியும் வண்டலுக்கும் நாம் பெயர் தேட வேண்டியதில்லை. 'மண்டி' என்பது முன்பே இருக்கிறது.