எழுத்தில்லாக் காசு தனிக் காசா?



நம் வீடுகளில் சாமி மேடைக்குப் பின்னால் ஒரு பழைய பால்மாவு டின் இருக்கும். அதில் தாத்தா பாட்டி காலத்துச் சில்லறை கிடக்கும். சதுரமான ஒரு காசு, அரசியார் தலை பொறித்த பத்துக் காசு, ஊரிலிருந்து முடிந்து கொண்டுவந்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு. இன்று அந்த டின்னைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பழைய காசு வாங்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வந்தார். ஒரு பாட்டி தம் டின்னைப் பாயில் கொட்டினார். வந்தவர் கண்ணாடி வைத்துப் பார்த்துக் காசுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். “இதிலே சின்ன எழுத்து இருக்கு. அதிலே இல்லே. எழுத்து இல்லாதது கழிசல், பாதி விலைதான்” என்றார். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, “வாத்தியாரய்யா, அப்படியா?” என்று கேட்டார். எனக்கு அந்த விவரம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். “அப்படித்தான் இருக்கும் பாட்டி” என்று சொல்லிவிட்டேன். அவரும் கொடுத்துவிட்டார்.

நான் சொன்னது தவறு. அதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ” என்று ஆங்கிலத்தில் பொறித்த காசுகளை நினைத்துப் பாருங்கள். 1953 முதல் 1961 வரை ஆண்டு போட்டு வந்த அரசியார் தலைக் காசுகள் அவை. அவற்றை இங்கே அடிக்கவில்லை, இங்கிலாந்தில் அடித்தார்கள். ஒரே இடத்திலும் அல்ல. லண்டனில் இருந்த அரச நாணயச் சாலை ஒன்று. வேலை மிகுந்தபோது பர்மிங்காமில் ஹீட்டன் குடும்பம் தொடங்கிய நாணயச் சாலைக்கும், அந்தப் பக்கத்திலேயே இருந்த கிங்ஸ் நார்ட்டன் ஆலைக்கும் பங்கு கொடுத்தார்கள். ஹீட்டன் சாலை தன் காசில் ‘எச்’ என்ற எழுத்தைப் பொறித்தது. இரண்டு தூணுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் வைத்தாற்போல இருக்கும். கிங்ஸ் நார்ட்டன் ‘கே’, ‘என்’ என்று இரண்டு எழுத்துப் போட்டது. லண்டன் ஒன்றும் போடவில்லை. அது தலைமைச் சாலை. வெளியே கொடுத்த வேலைக்குத்தான் அடையாளம் தேவைப்பட்டது. எடையிலோ உலோகத்திலோ குறை வந்தால் யார் கை வேலை என்று தெரிய வேண்டுமல்லவா?

ஒரு தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவரை ‘நெட்டை முனியாண்டி’ என்கிறோம். மற்றவரை வெறுமனே ‘முனியாண்டி’ என்கிறோம். வெறும் பெயரைச் சொன்னாலும் நாம் யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். பட்டப்பெயர் இல்லை என்பதற்காக அவர் பெயரைப் பெரட்டில் கூப்பிடாமல் விடுவதில்லை. காசும் அப்படித்தான். 1961ஆம் ஆண்டுப் பத்துக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். எச் போட்டது ஒன்று, கே-என் போட்டது ஒன்று, எழுத்தே இல்லாதது ஒன்று. ஆக மூன்று வகை. ஐந்து காசிலும் அந்த ஆண்டில் மூன்று உண்டு. எழுத்தில்லாதது லண்டன் காசு. அந்த வெற்றிடமே அதன் முத்திரை. காசு சேகரிப்பவர் தம் ஆல்பத்தில் அதற்கும் ஓர் இடம் விட்டு வைப்பார். ஆண்டுக்கு ஒன்று போதும் என்று சேர்ப்பவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம். ஆனால் சாலை வாரியாகச் சேர்ப்பவருக்கு எழுத்தில்லாதது இல்லாமல் வரிசை நிறையாது.

தாத்தா கொண்டுவந்த ரூபாய்க்கும் இதே கதைதான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்டன. 1918ஆம் ஆண்டு ரூபாய் இரண்டு இடத்திலும் அடித்தது. ஆண்டு எண் உள்ள பக்கத்தின் அடியில் மேடாக ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய். புள்ளி இல்லையென்றால் கல்கத்தா. இரண்டும் ஒரு தோலா எடைதான், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். வெள்ளியும் ஒரே தரம். புள்ளி இல்லாததற்கு வெள்ளி குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைக்கும் இந்தியக் காசுகளில் கல்கத்தாச் சாலை குறி போடுவதில்லை. மும்பைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று மற்ற மூன்றும் போடுகின்றன.

இதைக் கேட்டதும் எழுத்தில்லாத காசையெல்லாம் தனியே எடுத்து வைத்துப் புதையல் என்று எண்ணிவிடவும் கூடாது. எழுத்துள்ள உடன்பிறப்பு இருந்தால்தான் எழுத்தில்லாதது தனி வகையாகும். 1956 முதல் 1961 வரையிலான சதுர ஒரு காசில் எந்த ஆண்டிலும் எழுத்துக் கிடையாது. 1956ஆம் ஆண்டுப் பத்துக் காசிலும் இல்லை. 1967இல் வந்த, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த மலேசியக் காசுகளிலும் இல்லை. எல்லாருக்கும் இல்லாதது ஒருவருக்கு அடையாளம் ஆகாது. “எழுத்து இல்லாத சதுரக் காசு, அபூர்வம்” என்று சொல்லி உங்களிடம் ஒருவர் விற்க வந்தால், அவரும் அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு அண்ணன்தான்.

இன்னொன்று தேய்மானம். பல கை மாறிய காசில் எழுத்து மழுங்கிப் போயிருக்கும். முதலில் ஆண்டு எண்ணைப் பாருங்கள். அது தெளிவாக நின்று எழுத்து மட்டும் இல்லையென்றால் லண்டன் என்று சொல்லலாம். எண்ணே தேய்ந்திருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. சிலர் அரம் வைத்து எழுத்தைச் சுரண்டுவதும் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுரண்டிய இடம் சிறிது பள்ளமாக, கீறலோடு, வேறு பளபளப்பில் தெரியும். எழுத்து மிகச் சிறியது என்பதால் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பார்ப்பது நல்லது. தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. பழைய காசுக்கு அதன் கறுப்பே அழகு, தேய்த்தால் சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாயும் அப்படியே.

தனி வகை என்பது வேறு, விலை உயர்ந்தது என்பது வேறு. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கின்றன, உங்கள் கையில் இருப்பது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே விலை. ஆகவே ஒருவர் சொன்ன விலைக்கு உடனே தலையாட்டாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் பேரன் சில ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வந்தான். மேடையைப் பிரித்தபோது பலகை இடுக்கில் கிடந்ததாம், ஒரு பத்துக் காசு. 1961. எழுத்து இல்லை. “இது கழிசல்தானே சார்?” என்றான். “இல்லையப்பா, இது லண்டன் காசு. அன்று உன் பாட்டிக்கு நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். என்ன விலை போகும் என்று கேட்டான். ஒரு தேத்தண்ணிக் காசுகூட வராமல் போகலாம் என்றேன். சிரித்துக்கொண்டே காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.