மீன்தொட்டிக்குள் ஒரு வெடிச்சத்தம்



ஸ்காபரோவில் எங்கள் உறவினர் வீட்டு பேஸ்மென்றில், பவளக்கற்கள் போட்ட உப்புநீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு மாரிகால இரவு அதிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ‘டிக்’. கண்ணாடி வெடிக்கப்போகிறது என்று பயந்து தரைவிரிப்பை எல்லாம் சுருட்டி மேலே கொண்டுபோனார்களாம். விடிந்து பார்த்தால் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. கற்பொந்துக்குள் ஏதோ ஒன்று குடியிருந்தது.

ஊரில் நான் விலங்கியல் படிப்பித்தவன் என்பதால் எனக்கு ரெலிபோன் வந்தது. பேசியவன் அந்த வீட்டுப் பெடியன். “தாத்தா, அப்பா கல்லைக் கொதிதண்ணிக்குள்ள போடப்போறார்!”

தகப்பனின் பயமும் நியாயமானதுதான். கடையில் வாங்கும் கற்களோடு சத்தம் போடும் இரண்டு பிராணிகள் ஒளிந்து வருவதுண்டு. ஒன்று மான்ரிஸ் சிறிம்ப். பெயரில் றால் என்றாலும் அது றால் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. கும்பிடுபூச்சி போல முன்கால்களை மடித்து வைத்திருந்து ஒரே அடியில் மீனையும் நண்டையும் கொன்றுவிடும். மற்றது பிஸ்ரல் சிறிம்ப், வெடிறால் என்று வைத்துக்கொள்வோம். அதனால் மீன்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. சிலவகை வெடிறால்கள் கோபி என்ற சின்ன மீனோடு ஒரே வளையில் சீவிக்கும். ஆகவே ஆளை அடையாளம் கண்டபிறகே தீர்ப்பு என்றேன்.

அன்றிரவு ரோச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் சுற்றிப் பார்த்தோம். மான்ரிஸ் என்றால் காம்பின் மேல் உருளும் கண்கள் முதலில் தெரியும். இதற்குக் கண் இருப்பதே தெரியவில்லை, ஓடு மூடியிருந்தது. பிறகு கை வெளியே வந்தது. ஒரு கை சாதாரணம், மற்றது உடம்பில் பாதியளவு. வெடிறால்தான். பெடியன் துள்ளினான்.

சத்தம் விரல்கள் முட்டுவதால் வருகிறது என்றுதான் நானும் படிப்பித்தேன். அது பிழை. 2000ஆம் ஆண்டில் வெர்ஸ்லுயிஸ், ஷ்மிற்ஸ், லோசே முதலானோர் நொடிக்கு 40,000 படம் எடுக்கும் கமெராவால் பார்த்தார்கள். விரல் மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி நொறுங்கும்போதுதான் வெடி!

இரண்டு கிழமை கழித்து அது கழற்றிவிட்ட ஓடு கிடைத்தது. கொல்லாமலே லென்சில் வைத்துப் பார்க்க முடிந்தது. சினால்ஃபியஸ் என்ற சாதியானால் நெற்றியில் மூன்று முட்கள் இருக்கும். இதில் நடுவில் ஒன்றே. ஆகவே ஆல்ஃபியஸ். பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஃபப்ரிசியஸ், 1798இல். நாங்கள் கறி வைக்கும் கறுப்புப் புலி றாலுக்கு அவர் பெயரிட்டதும் அதே நூலில்தான்.

“முழுப்பெயர்?” என்றான் பெடியன். அங்கேதான் சிக்கல். ஆல்ஃபியஸில் 300க்கு மேற்பட்ட இனங்கள். ஸ்பிரிற்றில் போட்டால் நிறம் போய்விடும், பிறகு பல இனங்களைப் பிரித்தறிவது பெரும்பாடு. பனாமா நிலம் எழுந்து இரு கடல்களிலும் பிரிந்துபோன வெடிறால்களை நான்சி நோல்ற்றன் குழுவினர் ஒன்றாக விட்டுப் பார்த்து 1993இல் எழுதினார்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருந்தும் அவை பெரும்பாலும் இணைசேரவில்லை, சண்டை பிடித்தன. எனவே கொப்பியில் ‘ஆல்ஃபியஸ்’ என்று மட்டும் எழுதினோம்.

இவ்வளவும் நடக்கும்போது மூலையில் கதிரை போட்டு இருந்தவர் அந்த வீட்டு அப்பு. 1990இல் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த கடற்றொழிலாளி. “உது கல்லுக்கடல் சத்தம். இரவில வள்ளத்துக்குள்ள படுத்தா பலகைக்குள்ளால பொரி பொரியிற மாதிரிக் கேக்கும்” என்றார். முதல்நாளே சொல்லியிருக்கலாமே என்றால், “என்னை ஆர் கேட்டது?” என்கிறார்.

நான் அந்தப் பிராணியை ஆய்வுகூடப் போத்தலில் கண்டிருக்கிறேன், சத்தம் கேட்டதில்லை. அவர் அரை ஆயுள் கேட்டிருக்கிறார், கண்டதில்லை. பெடியன் ஓட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். “இத்தினியூண்டோ?” என்றார்.

இப்போது தொட்டியருகில் அவருக்கு ஒரு கதிரை நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்கள்.