பூச்சி தெரியும்படி வீடியோ எடுப்போம்

(இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



பயிரில் பூச்சியோ நோயோ கண்டால் இலையைப் பறித்துக்கொண்டு பேருந்து ஏறிய காலம் மாறிவிட்டது. இன்று தோட்டத்தில் நின்றபடியே கைபேசியில் வீடியோ எடுத்து வேளாண் அலுவலருக்கோ, அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ அனுப்பிவிடுகிறோம். நல்ல வசதிதான். ஆனால் போய்ச் சேரும் படம் மங்கலாக இருந்தால், அதைப் பார்த்துச் சொல்லும் பரிந்துரை எப்படிச் சரியாக இருக்கும்?

நம் மலையடிவாரத் தென்னந்தோப்புகளையே எடுத்துக்கொள்வோம். சுருள் வெள்ளை ஈ 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் பிற தென்னைப் பகுதிகளுக்கும் பரவியது. இதன் குஞ்சுகள் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி தாக்கிய கூட்டுப்புழுக்கள் கறுத்துவிடும். அவ்வாறு கறுத்தவை தென்பட்டால் குளவி நமக்காக வேலை செய்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தால் உதவிக்கு வந்த குளவியையே கொன்றுவிடுவோம். ஓலையின் மேற்புறம் படரும் கரும்பூசணம் வேறு, இது வேறு. மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

குறை எங்கே என்று முதலில் பாருங்கள்

எடுத்த வீடியோவை உங்கள் கைபேசியிலேயே ஓட்டி, நடுவில் நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயே மங்கலாக இருந்தால் குறை எடுத்த விதத்தில் இருக்கிறது. உங்களிடம் தெளிவாகவும் பெற்றவரிடம் மங்கலாகவும் இருந்தால் குறை அனுப்பிய விதத்தில் இருக்கிறது. இதைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

புள்ளிக் கணக்கு

வீடியோ என்பது சிறுசிறு புள்ளிகளால் ஆனது. 1080 என்று குறிக்கப்படும் அளவில், கைபேசியைப் படுக்கை வாட்டில் பிடித்தால், குறுக்கே 1920 புள்ளிகள் உள்ளன. இரண்டு மீட்டர் அகலத்திற்கு மட்டையைப் படம் பிடித்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஒரு கூட்டுப்புழுவுக்கு ஒரு புள்ளி என்றால் அது கறுப்பா வெளுப்பா என்று யார் சொல்ல முடியும்? அதே கைபேசியில் பத்து சென்டிமீட்டர் அகலம் மட்டும் தெரியும்படி எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 19 புள்ளிகள் கிடைக்கும். விலை உயர்ந்த கைபேசியைவிட, அருகில் சென்று எடுப்பதே முக்கியம்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பிசுக்கும் மருந்துப் படிவும் படத்தைப் பனிமூட்டம் போலாக்கும்.

2. கேமரா அமைப்பில் வீடியோ அளவு 720 என்றிருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். புள்ளிகள் இரண்டேகால் மடங்காகும்.

3. அரைச் சாணுக்கும் குறைவாக நெருங்கினால் பல கைபேசிகளில் உருவம் கலங்கும். சற்றுப் பின்வாங்கி, திரையில் பூச்சியின் மேல் விரலால் தொட்டு, தெளிவு வந்த பின் பதிவைத் தொடங்குங்கள்.

4. இரு விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். பல கைபேசிகளில் அதனால் புள்ளி பெரிதாகுமே தவிர, புதுத் தெளிவு வராது.

5. வானத்தைப் பின்னணியாக வைத்து மேல்நோக்கி எடுத்தால் ஓலை கரிய நிழலாக விழும். அடிமட்டையிலிருந்து ஓர் ஓலையை நறுக்கி, கீழே வைத்து, அடிப்பக்கத்தை எடுங்கள்.

6. காலை வெளிச்சம் நல்லது. இரவில் விளக்கொளியில் எடுத்தால் நிறம் மாறும். பருத்தியில் தத்துப்பூச்சி தாக்கினால் இலையோரம் மஞ்சளாகிப் பின் சிவக்கும். மஞ்சள் விளக்கின் கீழ் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

7. காற்றில் ஆடும் இலையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கைபேசி பிடித்த முழங்கையை உடலோடு ஒட்டி வையுங்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

வாட்ஸ்அப்பின் உள்ளேயே கேமராவைத் திறந்து எடுக்காமல், கைபேசியின் சொந்தக் கேமராவில் எடுங்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். 2023-ஆம் ஆண்டு முதல் எச்.டி. என்னும் தெரிவு இருக்கிறது. இது ஓரளவு மேல். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். கோப்பு பெரிதாகாமல் இருக்க 20 விநாடிக்குள் முடியுங்கள். குழுவில் வந்து சுருங்கிப்போன படத்தை மீண்டும் அனுப்பாமல் மூலப் படத்தையே அனுப்புங்கள்.

மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சில செயலிகள் உள்ளன. பதிவாகாத விவரத்தை அவை ஊகித்து நிரப்புகின்றன. திருமணப் படத்திற்கு அது பொருந்தலாம்; பூச்சியை இனம் காண்பதற்கு ஆகாது. மக்காச்சோளப் படைப்புழுவின் வால்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளே அதன் அடையாளம். இல்லாத புள்ளியைச் செயலி வரைந்துவிட்டால் தவறான மருந்துக்குப் பணம் போகும். மறுபடி வயலுக்குப் போய் எடுப்பதே சரி.

முழு மரம் அல்லது பயிர் ஐந்து விநாடி, தாக்கிய பகுதி ஐந்து விநாடி, பூச்சி மிக அருகில் பத்து விநாடி என்ற வரிசையில் எடுங்கள். அளவு தெரிய ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் வையுங்கள். இரகம், பயிரின் வயது, ஏற்கெனவே தெளித்த மருந்து ஆகியவற்றை வாயாலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியும் நாம் எடுக்கும் படத்தைக் கொண்டே பூச்சியை இனம் காண்கிறது. நிழற்படம் எடுப்பதற்கும் மேற்சொன்னவை பெரும்பாலும் பொருந்தும்.

இவ்வளவு செய்தும் பூச்சி தெரியவில்லையென்றால், ஓலையை மூடிய உறையிலிட்டு நேரில் கொண்டு காட்டுங்கள். அதுவரை மருந்து டப்பாவைத் திறக்க வேண்டாம்.